சொட்டு மேஸ்திரி இட்ட துளை

சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில் எனக்கு எதிர்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், காலஞ்சென்ற சொட்டு மேஸ்திரியைப் பற்றிப் பேச்செடுத்தார். நன்றாக இருந்த குழாயில் வேண்டுமென்றே துளையிட்டு, முதலாளியின் வண்டியைப் பாழாக்கிய மனிதர் அவர் என்று கூறி, பந்தி முழுவதையும் சிரிக்க வைத்தார். துளையிட்டது மெய். அவர் துளையிட்டபோதும், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து பூட்டியபோதும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவன் நான். எனினும், அத்துளை ஏன் இடப்பட்டது என்பதை அறிந்தவர்களுள் இன்று எஞ்சியிருப்பவன் அநேகமாக நான் ஒருவனே. ஆகவே இதனை எழுதி வைப்பது என் கடமையாகிறது.

கொங்கு நாட்டில் ஒழுகும் குழாயைச் சொட்டு மேஸ்திரி வெறுத்த அளவுக்கு எவரும் எதனையும் வெறுத்ததில்லை என்பதை முதற்கண் நிலைநாட்டிவிடுகிறேன். பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் அவர் குழாய்ப் பிரிவின் மேஸ்திரி. காக்கி அரைக்காற்சட்டை, தோளில் ஒரு பெரிய ரெஞ்சு, இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கோத்த, திருகுபிடியோடு கூடிய சிறு பித்தளைக் குழாய் ஒன்று. சுண்டு விரல் நீளமே உள்ள அக்குழாய், ஆலையின் கொதிகலனில் பல்லாண்டு வேலை செய்து ஒரு சொட்டும் ஒழுகாமல் ஓய்வு பெற்றதாம். வெள்ளிதோறும் அதற்குப் புளி போட்டுத் துலக்குவார். பிறர் தாயத்துக் கட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் அதனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தாராபுரத்துக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அவர். ஒரு குடம் நீருக்கு அங்கே எவ்வளவு தொலைவு நடந்தார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார். "அதெல்லாம் எதுக்குங்க, முதல்ல அந்தக் குழாயை இறுக்குங்க" என்பதே விடை.

சொட்டும் ஓசை அவருக்கு மட்டும் கேட்கும். நாதசுரமும் தவிலும் முழங்கும் ஒரு மண்டபத்தில், பாயசம் பரிமாறப்படும் வேளையில், இலையை விட்டு எழுந்து, எச்சிற்கையை மேலே தூக்கியபடி கொல்லைக்கு ஓடி, இடக்கையால் ஒரு குழாயை இறுக்கிவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். திரைப்படங்களுக்கு விடாமல் போவார். ஆனால் ஒன்றிலேனும் முடிவைக் கண்டதில்லை. கதைத்தலைவி கண்ணீர் விடும் அமைதியான கட்டத்தில் கொட்டகையின் கழிப்பறைக் குழாய் அவர் செவியில் விழுந்துவிடும். எவருடைய வீடானாலும் உள்ளே நுழைந்துவிடுவார். கேட்டால், "ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக் குழாயி அழுவறது மில்லு வரைக்கும் கேக்குதுங்க" என்று பணிவாகக் கூறுவார். ஏச முனைந்த வாய்கள் அந்தப் பணிவின் முன் அடைத்துப்போகும்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் அடி விழவிருந்தது. நான் தமிழ் கற்பித்த கல்லூரியின் வேதியியற் கூடத்தில், நீர் இடையறாது ஓடிக்கொண்டே இருந்தால்தான் குளிரும் ஒரு கண்ணாடிக் கருவியைப் பூட்டிவிட்டுப் பேராசிரியர் சிற்றுண்டிக்குப் போயிருந்தார். தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்த மேஸ்திரிக்கு வீணாய் ஓடும் நீரின் ஓசை கேட்டது. உள்ளே புகுந்தார், மூடினார், மனநிறைவோடு வெளியேறினார். கருவி வெடித்த ஓசை மைதானம் வரை கேட்டது. "ஓடவேண்டிய தண்ணீர் என்று ஒன்று உண்டு, ஐயா" என்று பேராசிரியர் கத்த, "அப்படி ஒண்ணு இல்லீங்க" என்று மேஸ்திரி உறுதியாக மறுத்தார். இவ்வுரையாடலை வாசகர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டுகிறேன்.

இனி வண்டிக்கு வருவோம். அந்நூற்பாலையின் முதலாளி, மனைவியோடு காசி யாத்திரை செல்லவேண்டி, ஒரு பழைய பேருந்தை வாங்கி வீடாக மாற்றினார். உள்ளே இரண்டு கட்டில்கள், ஓர் அடுப்படி, ஒரு குளியலறை, முகம் கழுவும் தொட்டி. கூரைமேல் பெரிய நீர்த்தொட்டி. அதற்கு நான் 'மனையுந்து' என்று பெயர் சூட்டினேன். என்னைத் தவிர அனைவரும் 'ஊட்டு பஸ்ஸு' என்றே அழைத்தனர். குழாய் வேலை முழுவதும் சொட்டு மேஸ்திரியுடையது. கூரைத்தொட்டியிலிருந்து குழாய் பின்பக்கமாக இறங்கி, வண்டியின் அடிவயிற்றில் நெடுக ஓடி, மறுபடி மேலேறி முகம் கழுவும் தொட்டிக்கும் அடுப்படிக்கும் போகும். காசி சென்று திரும்பிய பின்னும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த நீண்ட குழாயில், தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு திறப்புக்கூட அவர் வைக்கவில்லை. "தண்ணி வெளியே போறதுக்குன்னே ஒரு வாசல் வெப்பாங்களா?" என்று கேட்டார். முதலாளிக்கும் அது நியாயமாகவே பட்டது.

யாத்திரை முடிந்தபின் வண்டி கண் மருத்துவ முகாம்களுக்குக் கொடுக்கப்பட்டது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், பொங்கல் விடுமுறையில், உதகைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் முகாம். நோயாளிகளின் பெயர் எழுதும் பணிக்கு என்னை அழைத்திருந்தனர். நகரத்துக் கண் மருத்துவர் அம்மையார் ஒருவர், அவருக்கு உதவியாக ஒரு கம்பவுண்டர், டிரைவர் ரங்கசாமி, குழாய்களுக்குக் காவலாக நம் மேஸ்திரி. மலை ஏறுவது மேஸ்திரிக்கு அதுவே முதல் முறை.

அவ்வூர் மேட்டில் இருந்தது. ஊற்று கீழே பள்ளத்தில். ஊர்ப் பெண்களும் ஆண்களும் நாங்கள் போய்ச் சேருமுன்பே குடங்களோடு நின்றிருந்தனர். அரைநாள் தலைச்சுமையாகச் சுமந்து கூரைத்தொட்டியை நிரப்பினர். மேஸ்திரி ஏணி உச்சியில் நின்று, ஒவ்வொரு குடத்தையும் தாமே வாங்கி, சிந்தாமல் ஊற்றினார். அவ்வளவு வணக்கத்தோடு அவர் கோயிலில் நின்றதைக்கூட நான் கண்டதில்லை.

மாலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிந்தது, காற்றும் நின்றது. ரங்கசாமி முன்பு இம்மலையிலிருந்து முட்டைக்கோசு ஏற்றும் லாரி ஓட்டியவர். வானத்தை அண்ணாந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் குனிந்து, ரேடியேட்டரின் திறப்பைத் திருகி, நீரை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டார். பிறகு மேஸ்திரியிடம், எல்லா நாளும் இப்படி இராது, ஆனால் இன்றைக்கு உறைபனி விழும், அடிக்குழாயில் நிற்கும் நீரை வெளியே விட்டுவிடுங்கள் என்றார்.

மேஸ்திரி சிரித்தார். "டிரைவரே, ஐஸ் பேக்டரிக்குக் குழாய் போட்டவன் நானு. பத்துக் குதிரை மோட்டார் ஓடினாத்தான் அங்க தண்ணி கட்டியாகும். இந்த ஊர்ல கரண்டு கம்பியே இல்லை. எப்படிக் கட்டும்?"

"மோட்டார் எல்லாம் மேல வானத்துல ஓடுது மேஸ்திரி. நாளைக்குக் காலையில பாருங்க."

மேஸ்திரி இரக்கத்தோடு அவரைப் பார்த்துவிட்டு, வண்டியிலுள்ள குழாய்கள் அனைத்தையும் வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிவிட்டு உறங்கப் போனார். ஐயத்திற்கு இடமில்லாத உறக்கம். குறட்டையே அதற்குச் சான்று.

விடிந்தபோது புல்வெளி முழுவதும் உப்பு விளைந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்றும் வரவில்லை. அடைப்பு என்றார் மேஸ்திரி, தட்டினார், ஊதினார், குழாயோடு கனிவாகப் பேசினார். வெயில் ஏறிய பிறகு, வரிசையில் அமர்ந்திருந்த மாதி என்ற பெண்மணி தலையைச் சாய்த்தார். தேயிலைத் தோட்டத்தில் பல்லாண்டு வேலை பார்த்தவர். இரு கண்ணிலும் புரை விழுந்து, இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் தெரியாதவர். "வண்டிக்குக் கீழே தண்ணி சொட்டுது" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் மேஸ்திரிக்குக் கேட்டது. தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சொட்டின் ஓசையை இன்னொருவர் தமக்கு முன் கேட்டுவிட்டார். அச்சொட்டு தம் குழாயிலிருந்து விழுந்தது. எது அவரை அதிகம் வருத்திற்று என்று என்னால் கூற இயலாது. அடிக்குழாயின் வளைவு, முற்றிய வெள்ளரிப் பழம்போல் நீளவாக்கில் வெடித்திருந்தது. உள்ளே உறைந்த நீர் பருத்து வளைவைப் பிளந்துவிட்டு, இப்போது வெயிலில் இளகி ஒழுகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கூரைத்தொட்டியின் வால்வை மூடிவிட்டு, வெடிப்புக்குக் கீழே ஒரு பாத்திரம் வைத்தார். பிறகு தம் கையையும் வைத்தார்.

மருத்துவர் அம்மையார் வந்து பார்த்தார். அன்று பரிசோதனை மட்டுமே. அறுவை மறுநாள் காலை. பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்திருந்தார். மாதியும் அவருள் ஒருவர். அம்மையார் குரலை உயர்த்தவில்லை.

"மேஸ்திரி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் கை கழுவணும். ஓடுற தண்ணியில கழுவணும். போன வருஷம் ஒரு முகாம்ல சொம்புல மொண்டு ஊத்தித்தான் கழுவினேன். ஒரு கண்ணுல சீழ் வெச்சுப் போயே போச்சு. இனி அந்த வேலை ஆகாது. குழாய்ல தண்ணி வந்தா ஆபரேசன். இல்லைன்னா இவங்களை அனுப்பிச்சுப்போட்டு நாம கீழே இறங்கிக்கலாம்."

மீண்டும் வண்டி அம்மலைக்கு வருவது மழைக்காலம் கழிந்த பிறகே. அது எல்லாருக்கும் தெரியும்.

மாற்று வளைவு ஒன்று மேஸ்திரியின் பெட்டியில் இருந்தது. அதனைப் பூட்டுவது அவருக்கு அரைமணி வேலை. ஆனால் பூட்டினால் மட்டும் என்ன? வானம் அன்றும் தெளிவாகவே இருந்தது. முழுத்தொட்டியையும் கவிழ்த்துவிட்டால் காலையில் நிரப்ப நேரமில்லை. ஊரார் சுமந்த நீரைக் கொட்டவும் அவரால் முடியாது. அடிக்குழாயில் நிற்கும் இரண்டு குடம் நீர்தான் பகை. அதை வெளியேற்ற வழியில்லை. வழியில்லாமல் செய்தவர் அவரே. ரங்கசாமி தம் ரேடியேட்டரின் குட்டித் திறப்பைக் காட்டி, இதுபோல் ஒன்று வையுங்கள், மாலையில் திறந்து காலையில் மூடிக்கொள்ளலாம் என்றார். மேஸ்திரி அசையவில்லை.

"அது இஞ்சினுங்க. நான் போட்ட லைனுல நானே ஓட்டை போடறதுக்கு, என்ரெ கையை எடுத்துப்போட்டுப் போயிரலாம்."

உச்சிப்பொழுது கடந்தது. வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து, புது வளைவை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் அணியிலக்கணத்திலிருந்து சில ஆறுதல் மொழிகள் கூறினேன்; பயன் விளையவில்லை. அப்போது மாதி தடவியபடி வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"நீங்கதான் குழாய்க்காரரா? எங்க வீட்டுல பனி நாள்ல பானையைக் கவுத்து வெப்போம். தண்ணியோட வெச்சா காலையில பானை ரெண்டாக் கிடக்கும்."

"அந்தத் தண்ணியை என்ன பண்ணுவீங்க?"

"அடுப்போரமா அண்டாவுல ஊத்தி வெப்போம். காலையில மறுபடி பானைக்கு வந்துரும். தண்ணியை யாராவது கொட்டுவாங்களா?"

மேஸ்திரி அவரை நெடுநேரம் பார்த்தார். மலையுச்சியில் தம் மதத்தைச் சேர்ந்த ஒருவரைக் கண்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்தார்.

"வாத்தியாரய்யா, அந்தத் துளை போடற மிசினை எடுங்க."

வளைவின் தடித்த அடிப்பக்கத்தில் துளையிட்டார். பல் வலிக்காரர் தம் பல்லைத் தாமே பிடுங்குவதுபோன்ற முகம். திருகுமரை வெட்டினார், வளைவைக் குழாயில் பூட்டினார். துளையில் பொருத்த ஒரு திறப்பு வேண்டும். பெட்டியில் அவ்வளவு சிறியது ஒன்றுமில்லை. நாங்கள் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கையில் அவர் கை இடுப்புக்குப் போயிற்று. அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார். புளி போட்டுத் துலக்கிய அப்பித்தளைக் குழாய், நீர் கசியாதிருக்கச் சணலும் வெள்ளை ஈயமும் பூசிக்கொண்டு, வண்டியின் அடிவயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் மேஸ்திரி பழைய மேஸ்திரியானார். அதாவது, எங்களை ஆளத் தொடங்கினார். கூரைத்தொட்டிக்குக் குளிரக் கூடாது என்று முகாமிலிருந்த சென்னிமலைப் போர்வைகள் அனைத்தையும் பறிமுதல் செய்தார். கம்பவுண்டரின் போர்வை, ரங்கசாமியின் இரண்டு போர்வைகள், மேஸ்திரியுடையது எல்லாம் கூரை ஏறின. என் மடியில் இருந்தது அவ்வாண்டுப் பொங்கலுக்கு வாங்கிய புதிய போர்வை.

"வாத்தியாரய்யா, உங்க உடம்புல ரத்தம் ஓடிக்கிட்டே இருக்குதுங்க. ஓடறது உறையாது. டேங்குத் தண்ணி பாவம், ஒரே இடத்துல நிக்குது. கொடுங்க."

இத்தருக்கத்தில் குற்றம் இருப்பதை நான் அறிவேன். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போர்வை கூரைக்குப் போய்விட்டது. அம்மையாரின் போர்வை மட்டும் தப்பியது. அறுவை செய்யும் கை விறைக்கக் கூடாது என்று மேஸ்திரியே விலக்கு அளித்தார்.

பொழுது சாயும் வேளையில் சடங்கு நடந்தது. கூரைத்தொட்டியின் வால்வை இறுக மூடினார். உள்ளேயிருந்த குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து, திறந்தபடியே விடச் சொன்னார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து பித்தளைக் குழாயைத் திருகினார். நீர் வெளியே வந்தது. குடத்தில் பிடித்தார், அடுத்த குடத்தில் பிடித்தார், எஞ்சியதைக் கம்பவுண்டரின் எடுப்புச் சாப்பாட்டு அடுக்கிலும் என் காப்பித் தம்ளரிலும் பிடித்தார். எல்லாவற்றையும் அடுப்போரம் வரிசையாக வைத்தார். போர்வையிழந்த நாங்களும் அதே அடுப்போரம் படுத்தோம். பாத்திரங்களுக்கு எங்களைவிட நல்ல இடம் கிடைத்தது.

மறுநாள் புல் மீண்டும் வெளுத்திருந்தது. மேஸ்திரி ஏணியில் ஏறிப் போர்வைகளை விலக்கினார். தொட்டியின் மேற்பரப்பில் படிந்திருந்த மெல்லிய பனிக்கட்டி ஏட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "டிரைவரே" என்று கூப்பிட்டார். "உங்க மோட்டாரு நல்லாத்தான் ஓடிருக்குதுங்க." இவ்வளவே அவர் கேட்ட மன்னிப்பு. ரங்கசாமியும் பெற்றுக்கொண்டார்.

குடங்களும் அடுக்கும் என் தம்ளரும் கூரை ஏறித் தொட்டிக்குள் கவிழ்ந்தன. பித்தளைக் குழாயும் உள்ளேயிருந்த குழாய்களும் மூடப்பட்டன, வால்வு திறக்கப்பட்டது. ஏழு மணிக்கு அம்மையார் முகம் கழுவும் தொட்டியின் முன் நின்று, முழங்கையால் பிடியைத் தள்ளினார். குழாய் ஒருமுறை இருமியது, துப்பியது, பிறகு நீர் கயிறுபோல் இறங்கியது.

அறுவை மருத்துவர் கை கழுவுவதை மேஸ்திரி அதற்குமுன் கண்டதில்லை. விரலிடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரை தேய்த்து, மறுபடி தொடக்கத்திலிருந்து தேய்க்கிறார். நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பு அப்படி. மூன்றாம் நோயாளியின்போது மேஸ்திரி கம்பவுண்டரிடம் சிறிது பஞ்சு கேட்டு வாங்கி இரு செவிகளையும் அடைத்துக்கொண்டார். கைகளை முதுகுக்குப் பின்னே கோத்து, ஒன்றை ஒன்று பிடித்து வைத்திருந்தார். அப்படியே நின்றார், போகவும் மறுத்தார்.

பன்னிருவரில் ஒருவர் கண்ணிலும் சீழ் பிடிக்கவில்லை. கட்டு அவிழ்த்த அன்று மாதி, தாம் கேட்ட சொட்டு எங்கிருந்து விழுந்தது என்று காட்டச் சொல்லி, மேஸ்திரியோடு வண்டிக்கு அடியில் குனிந்து அப்பித்தளைக் குழாயைப் பார்த்தார். "சின்னதா இருக்கு" என்றார். அதன்பின் அவ்வண்டி எத்தனையோ பனிக்காலங்களில் மலை ஏறியது. குழாய் ஒருமுறையும் வெடிக்கவில்லை. மேஸ்திரி அக்குழாயைத் திரும்பக் கழற்றிக்கொள்ளவே இல்லை. கட்டியிருந்த கயிறு மட்டும் அவர் இடுப்பில் வெறுமையாகக் கிடந்தது.

நான் எழுத வந்த செய்தி இவற்றுள் ஒன்றுமன்று. அறுவைகளில் கடைசி மாதியுடையது. அது முடிந்ததும் அம்மையார் களைத்துப்போய், கை கழுவிவிட்டு, குழாயை மூட மறந்து வெளியே சென்றுவிட்டார். நீர் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியோடு மூன்று நாள் ஒன்றாக இருந்த பழக்கத்தால் என் கை தானாகவே மூடப் போயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் செவியிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"உடுங்க வாத்தியாரய்யா. கொஞ்ச நேரம் ஓடட்டுங்க."

நாங்கள் இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இக்குறிப்பில் நாளோ, மணியோ, குடங்களின் எண்ணிக்கையோ பிழைபட்டிருக்கக்கூடும். அறிந்தவர்கள் அன்புகூர்ந்து திருத்தி எழுதுக. மேஸ்திரியின் இயற்பெயரை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. அதுவும் என் பிழையே. தெரிந்தவர் தெரிவிப்பின் கடப்பாடுடையேன். அந்தக் கடைசிக் குழாயை மட்டும் யாரும் மூடிவிட வேண்டா. இன்னும் சிறிது நேரம் ஓடட்டும்.